நீர்த் தொட்டியும் மறையெழுத்தும்

எம் கல்லூரி விடுதிக்கு நீர் தரும் கிணறு, விளையாட்டு மைதானத்திற்கு அப்பால், விடுதியிலிருந்து ஏறக்குறைய அறுநூறு மீட்டர் தொலைவில் உள்ளது. பழைய மாணவர் அதனை மறந்திரார். மோட்டார் அறையின் முன்னுள்ள புளியமரமும், அதன் நிழலில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் முதியவரும் பல ஆண்டு மாணாக்கர்க்குப் பழக்கமான காட்சி. அம்முதியவர் நாள்தோறும் விடுதிவரை நடந்து சென்று, மாடியேறித் தொட்டியை எட்டிப் பார்த்து, மீண்டும் நடந்து வந்து மோட்டாரை ஓட்டுவார். நீர் நிரம்பியிருக்குமென்று தோன்றும் வேளையில் நிறுத்துவார். அவர் தம் கணிப்பு பெரும்பாலும் பிழைத்ததில்லை. ஆயினும், இந்த நடையை அவருக்குக் குறைத்தல் வேண்டுமென்னும் நல்லெண்ணத்தால், பௌதிகப் பகுதியில் அப்போது முதுகலை மாணாக்கராயிருந்த யாம் மூவர் 2023ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு சிறு பொறியை அமைத்தோம். அந்நல்லெண்ணம் அவருக்கு விளைத்த துன்பத்தையும், அதனைத் தீர்க்கப் புகுந்து யாம் பட்ட பாட்டையும் இங்கே எழுதப் புகுகின்றோம்.

பொறியின் அமைப்பு மிக எளிது. தொட்டியின்மேல் ஒரு கருவி. மோட்டார் அறையில் ஒரு கருவி. மேலிருப்பது ஒலியலையை நீரின்மேற் செலுத்தி, அது மீண்டு வரும் நேரத்தைக் கொண்டு நீர்மட்டத்தை அளக்கும். சிறு சூரியத் தகடும் ஒரு பாட்டரியும் அதற்கு உணவு. அளந்ததை நிமிடத்திற்கு ஒருமுறை ரேடியோ வழியே கீழிருப்பதற்கு அறிவிக்கும். நீர் குறைந்தால் ‘ஓட்டுக’ என்றும், நிரம்பினால் ‘நிறுத்துக’ என்றும் கட்டளை விடுக்கும். இரண்டிற்கும் மூளையாவது ஏடிமெகா 328 என்னும் சில்லு. நிரலை வைப்பதற்கு அதில் 32 கிலோபைட்டு இடமுண்டு. கணக்கிடும்போது பயன்படும் நினைவு 2 கிலோபைட்டு மட்டுமே. இம்மலரின் ஒரு பக்கத்திலுள்ள தமிழெழுத்துகளை அச்சில்லின் நினைவில் வைக்கப் புகுந்தால், பாதிப் பக்கத்திலேயே இடம் தீர்ந்துவிடும். அச்சிறுமையையே காரணமாகக் காட்டி, பூட்டு என்று ஒன்றும் வையாமலே பொறியை ஓடவிட்டோம். நீர்த் தொட்டிக்குப் பூட்டு எதற்கு என்பதே அன்று எம் எண்ணம்.

மூன்று திங்கள் குறைவின்றி ஓடியது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஓரிரவு, தொட்டி நிரம்பியிருந்தும், மோட்டார் ஓடத் தொடங்கியது. ‘நிறுத்துக’ என்னும் கட்டளையைத் தொட்டிக் கருவி ஒருமுறையே விடுக்குமாறு யாம் அமைத்திருந்தோம். அக்கட்டளையோ மாலையிலேயே போய்விட்டது. விடியுமளவும் நீர் வழிந்தோடியது. கோடையாதலின் கிணறு வற்றிற்று. வெறுங்காற்றை இழுத்த மோட்டாரின் சுருள் கருகிப்போயிற்று. நான்கு நாள் விடுதிக்கு லாரித் தண்ணீர். பல்துலக்கவும் வரிசையில் நின்றனர் மாணாக்கர்.

பழி முதியவர்மேல் விழுந்தது. அவர் கையால் மோட்டாரை ஓட்டிவிட்டு உறங்கிப்போனார் என்றே யாவரும் கருதினர். யாமும் வாய்திறந்து மறுத்திலேம். ‘இரவில் நான் அந்தப் பக்கமே வரவில்லை, தம்பி’ என்று அவர் எம்மிடம் இருமுறை கூறினார். மூன்றாம் நாள், இளங்கலை முதலாண்டு மாணவன் ஒருவன் எம் அறைக்கு வந்து நின்றான். விலை குறைந்த ஒரு ரேடியோக் கருவியைக் கொண்டு, பொறிகள் இரண்டும் பேசிக்கொள்வதைப் பதிந்து வைத்திருந்தானாம். மோட்டார் ஓடத் தொடங்கும் தறுவாயில் வந்த செய்தியை நள்ளிரவில் திருப்பி ஒலிபரப்பினானாம். ‘ஏமாறுகிறதா என்று பார்த்தேன், அண்ணா. ஓடியதும் பயந்து ஓடிவிட்டேன்’ என்றான். அவன் கள்வனல்லன், எம்மைப் போலவே பொறிகளில் ஆசைகொண்டவன். அவனையும் அழைத்துக்கொண்டு வார்டனிடம் சென்று உண்மையை உரைத்தோம். வார்டன் முதியவரிடம் வருத்தம் தெரிவித்தார், யாமும் தெரிவித்தோம். ‘மோட்டார் போனால் வாங்கிக்கொள்ளலாம், தம்பி, தூங்கிவிட்டான் என்று சொன்னதுதான்’ என்று தொடங்கியவர், முடிக்காமலே எழுந்து சென்றார்.

அம்மாணவன் செய்ததில் யாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அச்செய்தியின் பொருள் அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டியதில்லை. பூட்டைத் திறக்கும் சொல் எதுவென்று அறியாமலே, அச்சொல் ஒலித்த ஓசையைப் பிடித்து மீண்டும் ஒலிக்கச் செய்தான். வேதாகமத்தில் நியாயாதிபதிகளின் புத்தகம் பன்னிரண்டாம் அதிகாரத்தை நம் கல்லூரியார் அறிவர். யோர்தான் துறைகளைப் பிடித்துக்கொண்ட கிலேயாத்தியர், கடக்க வந்தவரை ‘ஷிபோலேத்’ என்று சொல்லுமாறு கேட்டு, நாத் தடுமாறிய எப்பிராயீமரைக் கண்டுகொண்டனர். அச்சொல் எல்லார்க்கும் எந்நாளும் ஒன்றே. அக்காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி இருந்திருப்பின், எப்பிராயீமருள் ஒருவன் வாய் திறவாமலே கரையேறியிருப்பான்.

கல்லூரித் தொட்டியை யார் வந்து தாக்குவார் என்று நகைப்பவரும் உளர். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மருச்சி வட்டாரத்தில் 2000ஆம் ஆண்டு நிகழ்ந்ததை அவர்க்குக் கூறுவோம். அவ்வட்டாரத்துக் கழிவுநீர்ப் பம்பு நிலையங்கள் ரேடியோ வழியே ஆளப்பட்டன. அவற்றை நிறுவிய நிறுவனத்தில் முன்பு பணிபுரிந்த ஒருவர், மனக்கசப்பினால், தம் காரில் ஒரு ரேடியோவையும் கணினியையும் வைத்துக்கொண்டு பலமுறை பொய்க் கட்டளைகளை அனுப்பினார். ஏறக்குறைய எட்டு லட்சம் லிட்டர் கழிவுநீர் பூங்காக்களிலும் ஓடைகளிலும் பாய்ந்தது. நெடுநாள் அதனைக் கருவிக் கோளாறு என்றே பணியாளர் கருதினர். 2017ஆம் ஆண்டு ஏப்பிரலில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், புயலெச்சரிக்கைக்கென வைத்த 156 சங்குகளும் நள்ளிரவை ஒட்டி ஒருங்கே அலறியதும் ரேடியோ வழியே வந்த பொய்க் குறியால்தான்.

ஆகவே பூட்டு வேண்டும் என்பது துணிந்தோம். எத்தகைய பூட்டு என்பதில்தான் எமக்குள் ஒரு கோடைகாலம் முழுதும் வழக்கு நடந்தது.

முதலில், எதனைக் காக்கின்றோம் என்பதே தெளிவாயில்லை. மறையெழுத்து என்றவுடன் பிறர் படிக்காவண்ணம் மறைத்தல் என்றே மனம் பாய்கின்றது. தொட்டியில் எவ்வளவு நீர் உள்ளது என்பதை எவரறிந்தால் என்ன? (இதிலும் ஒரு நுட்பமுண்டு. விடுமுறை நாளில் நீர்மட்டம் அசையாது நிற்கும். விடுதியில் எவருமில்லை என்பதைத் திருடனுக்கு அதுவே சொல்லிவிடும். எம்முள் இளையவர் இதனை எடுத்துக்காட்டியபோது யாம் சற்றே நாணினோம்.) மறைத்தலினும் முதன்மையாக எமக்கு வேண்டியவை இரண்டு. வந்த கட்டளை எம் கருவியே விடுத்தது என்னும் உறுதி. அது நேற்றைய கட்டளையின் எதிரொலி அன்று என்னும் உறுதி. முதலாவது உறுதியைத் தருவது செய்தியின் இறுதியில் ஒட்டப்படும் ஒரு முத்திரை. செய்தியையும் இரகசியத் திறவுகோலையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பெறும் எண் அது. செய்தியில் ஓர் எழுத்து மாறினும் முத்திரை பொருந்தாது. இரண்டாவதைத் தருவது ஒவ்வொரு செய்திக்கும் ஏறிக்கொண்டே போகும் ஒரு வரிசை எண். பழைய எண்ணைத் தாங்கி வரும் செய்தியைப் பெறுவோன் தள்ளிவிடுவான்.

எம்மில் ஒருவர், நாமே ஒரு மறையெழுத்து முறையைப் படைத்துக்கொள்வோம், அது வேறெவர்க்கும் தெரியாதாகையால் காவல் மிகும் என்றார். இளமையில் எல்லார்க்கும் இவ்வாசை தோன்றும் போலும். 1883ஆம் ஆண்டிலேயே கெர்க்ஹோஃப்ஸ் என்பார், முறை பகைவர் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேராதபடி இருத்தல் வேண்டும், இரகசியம் திறவுகோலில் மட்டுமே இருத்தல் வேண்டும் என்று எழுதிவைத்தார். அதனை மறந்ததன் பயனைப் பயண அட்டைகளிற் காணலாம். மைஃபேர் கிளாசிக் என்னும் அட்டை இலண்டன் முதலிய பல நகரங்களில் வழங்கியது. அதனுள் இருந்தது, ஆக்கியோர் வெளியிடாது வைத்த, 48 பிட்டுத் திறவுகோலையுடைய ஒரு முறை. ஆராய்ச்சியாளர் அச்சில்லைப் படலம் படலமாகத் தேய்த்து, உருப்பெருக்கியால் நோக்கி, அதன் அமைப்பை வெளிக்கொணர்ந்தனர். 2008ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் அதன் குறைகளை வெளியிட முற்பட்டபோது, உற்பத்தி செய்தோர் நீதிமன்றம் சென்றும் தடுக்க இயலவில்லை. படைப்பார்வமுடைய நண்பர் இக்கதையைக் கேட்டபின் தம் முறையை மடித்து வைத்துவிட்டார்.

பின்னர் உலகறிந்த முறைகளை ஆராய்ந்தோம். கேம்பிரிட்ஜைச் சார்ந்த வீலர், நீட்ஹம் இருவரும் 1997இல் அளித்த எக்ஸ்.டி.இ.ஏ. என்பதன் நிரல் ஓர் அஞ்சலட்டையில் அடங்கும். அதன் அழகில் யாம் மயங்கியது உண்மை. அது 64 பிட்டுக் கட்டங்களாக மறைப்பது. அத்தகைய சிறு கட்டங்கள், ஒரே திறவுகோலால் ஏறக்குறைய 429 கோடிக் கட்டங்களை மறைத்தபின் இரகசியத்தைக் கசியவிடத் தொடங்கும் என்பது ஒரு குறை. நிமிடத்திற்கு ஒரு செய்தி விடுக்கும் எம் தொட்டி அவ்வெல்லையை அடைய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆதலின் அக்குறையை எடுத்துக்காட்டியவர் தோற்றார். ஆயினும் எக்ஸ்.டி.இ.ஏ. மறைக்குமேயன்றி முத்திரை இடாது. முத்திரைக்கு வேறொரு முறையை யாமே அதனோடு இணைத்தல் வேண்டும். இணைப்பில்தான் கைதேராதவர் பிழைசெய்வர், யாம் கைதேராதவர்.

ஸ்பெக் என்பதனை மற்றொருவர் முன்மொழிந்தார். சிறு சில்லுகளில் அதனினும் விரைவாய் ஓடுவன சிலவே. அமெரிக்க அரசின் ஒற்றறி நிறுவனமான என்.எஸ்.ஏ. அதனை 2013இல் வெளியிட்டது. உலகத் தர நிறுவனத்தின் குழுவிற் பல நாட்டார், வெளியிட்டோர்மேல் நம்பிக்கையின்மையால், 2018இல் அதனை ஏற்க மறுத்தனர். அதில் மறைவான குறை உண்டென்று எவரும் காட்டினாரில்லை. ஆயினும், பூட்டுச் செய்தவனே கன்னக்கோலும் வைத்திருப்பவன் என்று தெரிந்தபின் அப்பூட்டை வாங்க மனம் ஒருப்படவில்லை.

எஞ்சியவை இரண்டு. ஒன்று, 2001ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்கும் ஏ.இ.எஸ்.; பெல்ஜிய நாட்டினரான டேமன், ரைமன் இருவர் ஆக்கியது; ஏறக்குறைய கால் நூற்றாண்டாக அறிஞர் மோதிப் பார்த்தும் அசையாதது. மற்றொன்று அஸ்கான். சிறு கருவிகளுக்கென்றே ஒரு முறை வேண்டுமென்று அமெரிக்கத் தர நிறுவனமாகிய நிஸ்ட் 2018இல் உலகோரை அழைத்தது. 57 முறைகள் போட்டிக்கு வந்தன. யாவும் வெளிப்படையாக வைக்கப்பட்டன. ஒருவர் படைத்ததை மற்றவர் உடைக்க முயன்றனர். 2021இல் எஞ்சியவை பத்து. 2023 பிப்ரவரியில் அஸ்கான் தெரிந்தெடுக்கப்பட்டது. 2014ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையோர் அதனை ஆக்கினர். அது 40 பைட்டுக் கொண்ட ஒரு நிலையை மீண்டும் மீண்டும் கலக்குகின்றது, மாவு பிசைவது போல. மறைத்தலும் முத்திரையிடுதலும் அவ்வொரு பிசைதலிலேயே முடிகின்றன. 2 கிலோபைட்டு நினைவில் 40 பைட்டு ஒரு பொருட்டன்று.

எது இலகுவானது என்று வாதிட்டே இரண்டு வாரம் கழித்தோம். ஒரு மாலை, எம்முள் வாய் பேசாதவர் ஒரு தாளில் கணக்கிட்டு வந்து மேசைமேல் வைத்தார். நன்கு எழுதிய நிரலாயின், அச்சில்லில் ஏ.இ.எஸ். ஒரு கட்டத்தை மறைக்க 4,000 துடிப்பு போதும். வினாடிக்கு 160 லட்சம் முறை துடிக்கும் சில்லிற்கு அது கால் மில்லிவினாடி. எம் சிறு செய்தியை மறைத்து முத்திரையுமிட அதனை ஐந்துமுறை ஓட்டினாலும் ஒன்றேகால் மில்லிவினாடியே. அஸ்கான் எட்டுப் பிட்டுச் சில்லில் சற்றுத் தாமதித்தாலும் சில மில்லிவினாடியிற் சென்று சேரும். இனி ரேடியோவைப் பாருங்கள் என்றார். எமது லோரா ரேடியோ யாம் வைத்திருந்த வேகத்தில் 20 பைட்டுச் செய்தியை வானில் அனுப்ப 371 மில்லிவினாடி ஆகின்றது. 16 பைட்டு முத்திரையைச் சேர்த்தால் 493. முத்திரையின் நீளம் ஒன்றே 122 மில்லிவினாடியை உண்கின்றது. அவ்வளவு நேரமும் ரேடியோ பாட்டரியை உறிஞ்சுகின்றது. யாம் இரண்டு வாரம் சண்டையிட்டதோ ஒன்றிரண்டு மில்லிவினாடிக்கு! ஆட்டின் எடையைக் குறைக்க அதன் மயிரைக் கத்தரித்தவர் ஆனோம்.

அத்தாளுக்குப்பின் வழக்கு விரைவில் முடிந்தது. முத்திரையை 16 பைட்டிலிருந்து எட்டாகக் குறைத்தோம். செய்தியின் நேரம் 412 மில்லிவினாடிக்கு இறங்கியது. எட்டு பைட்டு முத்திரையைக் குருட்டுத்தனமாய் ஊகித்து வெல்ல, நொடிக்கொரு முயற்சியாகச் செய்தாலும், ஆண்டுகள் கோடி கோடியாய்ச் செல்லும். நான்கு பைட்டே போதும் என்பாரும் உளர். எமக்கு மனம் வரவில்லை. முறைகளுள் அஸ்கானைக் கொண்டோம். ஏ.இ.எஸ். குறைந்தது என்பதனால் அன்று. அதனைக் கொண்டால் எவ்வகையிற் கோப்பது என்று மேலும் பல தெரிவுகளை யாம் செய்தல் வேண்டும். அஸ்கானோ கோத்த மாலையாகவே வருகின்றது. இன்று விற்கும் சில்லுகள் பலவற்றில் ஏ.இ.எஸ். கணக்கிடுதற்கென்றே தனி மின்சுற்று உள்ளது. எம் சில்லில் அஃது இருந்திருப்பின், தயங்காது அதனையே கொண்டிருப்போம். இதே ஐயத்தோடு எம்மிடம் வரும் இளைய மாணாக்கர்க்கு இன்றும் இதையே கூறுகின்றோம்: முதலில் உன் சில்லின் கையேட்டைப் புரட்டிப் பார்.

2024 ஆகஸ்டில் புதிய நிரல் ஏறியது. அஸ்கானின் தரநூல் அப்போது இறுதியாகவில்லை. 2025 ஆகஸ்டில் அது வெளிவந்தபோது பைட்டுகளின் வரிசை மாறியிருந்தது. எம்முள் ஆராய்ச்சி மாணவராய் இங்கேயே தங்கியவர் நிரலைத் திருத்தினார். ஒரு கருவியைத் திருத்தி மற்றதைத் திருத்துமுன் உணவுக்குச் சென்றுவிட்டார். அந்த ஒரு மணி நேரம் கருவிகள் இரண்டும் ஒன்றையொன்று அந்நியராகவே கொண்டு வாளாவிருந்தன. பூட்டு வேலைசெய்கின்றது என்பதற்கு அதனினும் சான்று வேண்டா என்று அவர் எழுதியிருந்தார்.

ஆயின் பூட்டு வலிதாயிருந்தும் யாம் இருமுறை சறுக்கினோம். இரண்டும் அஸ்கானின் குற்றமல்ல.

முதற்சறுக்கல் திறவுகோலில் நிகழ்ந்தது. விடுதித் தொட்டிப் பொறியைக் கண்டு, பெண்கள் விடுதிக்கும் அதுபோல் வேண்டுமென்று கேட்டனர். அமைத்துக் கொடுத்தோம். நான்கு கருவிக்கும் திறவுகோல் ஒன்றே; அதுவும் நிரலின் நடுவே ஒரு வரியாக எழுதப்பட்டிருந்தது. பிறர்க்கும் பயன்படட்டுமென்று எம்மில் ஒருவர் அந்நிரலைக் கிட்ஹப் தளத்தில் யாவரும் காண ஏற்றிவிட்டார், திறவுகோலோடு. ஒன்பது நாள் கழித்தே கண்டோம். யாம் கற்றறியாத பேதையர் என்று நகைக்கவேண்டா. பெருநிறுவனங்களும் இவ்வழியிற் சென்றுள்ளன. பிலிப்ஸ் ஹியூ என்னும் மின்விளக்கின் நிரலைக் காத்தது ஏ.இ.எஸ். தான். ஆனால் ஒரு வகை விளக்கு அனைத்திற்கும் திறவுகோல் ஒன்று. 2016இல் இஸ்ரேல், கனடா நாட்டு ஆராய்ச்சியாளர், ஒரு விளக்கு உண்ணும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை அளந்தே அத்திறவுகோலைப் பெற்றனர். ஒன்றைப் பெற்றதும் அவ்வகை முழுதையும் பெற்றவராயினர். யாம் கருவிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணைக்கும் தனித் திறவுகோல் வைத்தோம். கணினி தரும் எண்ணை நம்பாமல், விடுதி மொட்டைமாடியில் அமர்ந்து ஒரு ரூபாய் நாணயத்தை 128 முறை சுண்டிப் பூவும் தலையுமாக எழுதிக்கொண்டோம். மற்றோரிணைக்கு மற்றொரு 128. நாணயம் இருமுறை மாடியிலிருந்து கீழே உருண்டது. அவ்வெண்கள் நிரலில் இல்லை. நிறுவும்போது கையால் ஏற்றப்படும். தாள் வார்டன் அறை இரும்புப்பெட்டியில் உள்ளது.

இரண்டாவது சறுக்கலே பெரிது. அவ்வாண்டு நவம்பரில் மழை விடாது பெய்தது. ஐந்து நாள் வெயிலின்றிச் சூரியத் தகடு பயனற்றதாயிற்று; தொட்டிக் கருவியின் பாட்டரி தீர்ந்து அணைந்தது. ஆறாம் நாள் வெயில் எறித்ததும் விழித்தெழுந்தது. விழித்தது, தன் வரிசை எண்ணை மறந்துவிட்டு, ஒன்று என்று தொடங்கியது. கீழிருந்த கருவியோ லட்சத்திற்கு மேற்பட்ட எண்களைக் கண்டது. ஒன்று, இரண்டு என்று வந்தவற்றைப் பழைய எதிரொலிகள் என்று தள்ளிற்று. யாம் விதித்தபடியே அது நடந்தது. ‘ஓட்டுக’ என்னும் உண்மைக் கட்டளையும் தள்ளப்பட்டது. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் குழாய்களில் காற்றுத்தான் வந்தது. அன்று பருவத்தேர்வின் முதல் நாள். முதியவர்தாம் ஓடிச்சென்று கையால் மோட்டாரை ஓட்டினார். எம் அறைக்கு வந்து, ‘பூட்டு நல்ல பூட்டுத்தான், தம்பி, வீட்டுக்காரனையே வெளியே நிறுத்திவிட்டதே’ என்றார்.

அப்போது எமக்குத் தோன்றிய குறுக்குவழி ஒன்று. தொட்டிக் கருவி மறந்தால் கீழ்க்கருவியும் மறக்கட்டும். அதனை அணைத்து ஏற்றினால் அதுவும் சுழியிலிருந்து எண்ணும். இரண்டும் மீண்டும் இணங்கும். தேர்வுக் காலமாதலின் அன்று அவ்வாறே செய்தோம். நீர் வந்தது. மாணாக்கர் வாழ்த்தினர். எட்டு நாள் அந்நிலையிலேயே ஓடவிட்டோம். எழுத நாணமாயுள்ளது எனினும் எழுதுகின்றோம்: அவ்வெட்டு நாளும், முன்பு பதிந்துவைத்த செய்தி எவரிடமேனும் இருந்திருந்தால், கீழ்க்கருவி அதனை ஏற்றிருக்கும். மார்ச்சு மாதத்தில் இருந்த இடத்திற்கே யாம் திரும்பியிருந்தோம், அஸ்கானோடு.

அம்மட்டோ? அஸ்கான் ஒவ்வொரு செய்தியையும் மறைக்கும்போது, திறவுகோலோடு அவ்வரிசை எண்ணையும் சேர்த்தே பிசைகின்றது. எண் வேறாயின் மறைக்கும் போர்வை வேறு. எண் மீண்டும் ஒன்றாயின் பழைய போர்வையே மீண்டும். ஒரே இரகசிய எண்ணை இரண்டு கணக்குகளோடு கூட்டி எழுதினால், விடைகளை ஒன்றிலிருந்து ஒன்று கழிப்போனுக்கு அவ்விரகசிய எண் மறைந்து, கணக்குகளின் வேற்றுமை வெளிப்படும் அன்றோ? அதுவே இங்கும். எம் செய்தி 16 பைட்டுக்குட்பட்டதாகையால் முழுச் செய்தியும் அதற்கு இரையாகும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், சோவியத் அதிகாரிகள் ஒருமுறையே பயன்படுத்தவேண்டிய மறைத்தாள்களை அவசரத்தில் இருமுறை அச்சிட்டனர். ஒருமுறை வழங்கியிருப்பின் உலகில் எவராலும் படிக்கவொண்ணாதிருந்த செய்திகளை, அவ்விரட்டிப்பைக் கொண்டு அமெரிக்கர் பல ஆண்டு உழைத்து ஓரளவு படித்தனர். வெனோனா என்னும் அம்முயற்சி 1995இல்தான் வெளிப்பட்டது. கம்பியில்லா வலையமைப்புகளுக்கு முதலில் வைத்த டபிள்யூ.இ.பி. என்னும் பூட்டும் இதே குறையால் நலிந்தது. அதன் எண் 24 பிட்டு. 1,67,77,216 செய்திக்குள் எண்கள் தீர்ந்து மீண்டும் வந்தே தீரும். 2001ஆம் ஆண்டளவில் அது நம்பத்தகாததென்று பலரும் காட்டிவிட்டனர்.

தேர்வு முடிந்தபின் செம்மையாகத் திருத்த அமர்ந்தோம். எண்ணை மறவாதிருக்க, மின்சாரம் போனாலும் அழியாத நினைவில் எழுதுதல் வேண்டும். எம் சில்லில் அத்தகைய நினைவு 1 கிலோபைட்டு உண்டு. ஓரிடத்தில் ஒரு லட்சம் முறை எழுதலாம் என்று கையேடு உறுதி கூறுகின்றது, அதன்மேல் உறுதியில்லை. நிமிடத்திற்கு ஒருமுறை எழுதினால் நாளைக்கு 1,440; எழுபது நாளைக்குள் அவ்விடம் தேய்ந்துபோம். ஆகவே, பால்கார அம்மாள் மாதத்திற்கு ஒரு கட்டாகச் சீட்டு வாங்கி வைப்பது போல, ஆயிரம் எண்களை ஒருங்கே முன்கூட்டி ஒதுக்கிக்கொள்ளுமாறு செய்தோம். ‘ஐயாயிரம்வரை ஒதுக்கினேன்’ என்று முதலில் எழுதிவிட்டு, பின்னரே அந்த ஆயிரத்தைச் செலவிடும். இடையில் அணைந்து விழித்தால், எதுவரை செலவிட்டோம் என்று ஆராயாது, மிச்சத்தைக் கைவிட்டு ஐயாயிரத்து ஒன்றிலிருந்து தொடங்கும். எண்கள் வீணாகும், எம்மிடமுள்ளவை 429 கோடி. மீள்வது மட்டும் ஒருபோதும் நேராது. கணக்கின்படி அந்நினைவு நூற்றெண்பது ஆண்டிற்குமேல் தாங்கும்; தொட்டி அவ்வளவு தாங்காது.

கீழ்க்கருவிக்கு அவ்வுபாயம் பொருந்தவில்லை. அது முன்னோக்கித் தாவினால் உண்மைச் செய்திகளையே தள்ளும். இதில் மூன்று நாள் முட்டிக்கொண்டபின் ஒன்று தெளிந்தது. நீர்மட்டச் செய்தி எத்தனை முறை எதிரொலித்தாலும் மோட்டார் அசையாது. அசைப்பது கட்டளை மட்டுமே. கட்டளையோ நாளைக்கு ஆறுக்கு மேலில்லை. ஆதலின், கட்டளையை ஏற்குந்தோறும் மட்டும் அதன் எண்ணை அழியா நினைவில் எழுதிவிட்டு, பின்பு மோட்டாரை அசைக்குமாறு அமைத்தோம். ஒரு லட்சத்தை ஆறால் வகுத்தால் நாற்பத்தைந்து ஆண்டு வருகின்றது. எழுதுதல் முன், அசைத்தல் பின் என்னும் வரிசையில் கண்ணாயிருந்தோம்; மாறினால், மின்சாரம் அந்நொடியில் போயின், அதே கட்டளை மீண்டும் செல்லும். ‘நிறுத்துக’ என்பதையும், நீர் நிரம்பியிருக்கும்வரை நிமிடந்தோறும், மோட்டார் ஓடுவதாக இருந்தால் மட்டும், புதுப்புது எண்ணோடு விடுக்குமாறு மாற்றினோம். மோட்டார் ஓடுகின்றதா என்பதைக் கீழ்க்கருவி மேலிருப்பதற்கு அறிவிக்கும். அவ்வறிவிப்பிற்கும் முத்திரையுண்டு, வேறு திறவுகோலும் உண்டு. நாணயம் மறுபடி சுண்டப்பட்டது.

யாவும் முடிந்து, முதலாண்டு மாணவனை அழைத்து, அவன் கருவியைக் கொண்டு தாக்கிப் பார்க்குமாறு வேண்டினோம். இரண்டு வாரம் மாலைதோறும் முயன்றான். பாட்டரியைப் பிடுங்கியும், மோட்டார் அறையின் மின்சாரத்தை நிறுத்தியும், பழைய செய்திகளைத் திருப்பியும் பார்த்தான். மோட்டார் அசையவில்லை. ரேடியோ முழுதையும் இரைச்சலால் அமுக்கினால் கட்டளை சேராது என்று காட்டினான், அது மெய். அதற்கு எந்த மறையெழுத்தும் மருந்தாகாது.

அன்று மாலை அதனை முதியவரிடம் கூறினோம். அவர் சிறிது நேரம் எண்ணிவிட்டு, ‘அப்படியானால் எனக்குச் சுவரில் ஒரு சுவிட்ச் வையுங்கள், தம்பி. யார் பேச்சையும் கேளாத சுவிட்ச்’ என்றார். மறுநாளே வைத்தோம். பெரிய கறுப்புப் பிடியுள்ள பழைய சுவிட்ச், சோதனைச்சாலை அலமாரியில் கிடந்தது. மோட்டாருக்கும் எம் கருவிக்கும் இடையே அதனை அமைத்து, கீழே ‘கை’, மேலே ‘பொறி’ என்று அவரே சுண்ணாம்பால் எழுதினார். காலையும் மாலையும் தொட்டியைப் பார்க்க அவர் இன்னும் நடந்துதான் செல்கின்றார்.